தூக்கிக் கட்டிய பிக்கப், ஏழு மாதத் தங்கச்சி, பரளச்சி ரோடு

போன வருடம் இதே தளத்தில் பின் சீட்டும், அதற்குப் பின்னால் சாமான் ஏற்றும் திறந்த டப்பாவும் உள்ள என் பிக்கப் வண்டியைத் தரையிலிருந்து மூன்று அங்குலம் தூக்கிக் கட்டியதைப் பற்றி மூன்று பதிவுகள் எழுதினேன். படங்கள் போட்டேன். "கம்பீரம்" என்ற வார்த்தையை எத்தனை தடவை போட்டேன் என்று எண்ணிப் பார்க்கவே இப்போது கூச்சமாக இருக்கிறது. அதைப் படித்துவிட்டு நீங்களும் யாராவது வண்டியைத் தூக்கியிருந்தால் முதலில் என்னை மன்னித்துவிடுங்கள். அப்புறம் இதைக் கடைசிவரை படியுங்கள், ஏனென்றால் அந்த மூன்று பதிவுகளில் ஒன்றில்கூட பின் சீட்டில் உட்கார்ந்து வருகிறவரைப் பற்றி ஒரு வரி இல்லை.

இது பெரிய பயணம் ஒன்றும் கிடையாது. அருப்புக்கோட்டையிலிருந்து எம்.ரெட்டியபட்டி வழியாகப் பரளச்சி, அங்கிருந்து ஆறு கிலோமீட்டர் உள்ளே தள்ளி என் தங்கச்சி கோமதியின் மாமனார் ஊர். என் மீட்டரில் சரியாக 35 கிலோமீட்டர். போன மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்த் திரும்பினோம். இமயமலைக்குப் போனவர்கள் எல்லாம் எழுதுகிறார்கள், நான் இந்த 35 கிலோமீட்டரை எழுதுகிறேன். இதைவிட நீளமான ரோட்டில் நான் போனதில்லை.

கோமதிக்குக் கல்யாணமாகி ஒன்பது வருடம். இரண்டு தடவை உண்டாகி, இரண்டும் தங்கவில்லை. இது மூன்றாவது. ஏழாம் மாதம் பிறந்ததும் அருப்புக்கோட்டை டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "இனிமே ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துலயே இருக்கணும். ஒரே ஒரு தடவை பயணம், மெதுவா, குலுங்காம. அதோட சரி." எங்கள் அம்மா வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு நடந்தே போய்விடலாம். அவள் மாமனார் ஊரிலோ காய்ச்சல் மாத்திரைக்கே பரளச்சிக்கு வரவேண்டும். ஆகவே வளைகாப்பு முடிந்த கையோடு அவளை அழைத்து வந்துவிடுவது என்று முடிவானது.

கார் வைத்துக் கூட்டி வரலாம் என்றுதான் நானும் சொன்னேன். அவள் மாமனார் போனிலேயே முகத்தைத் திருப்பிக்கொண்டார். "வாடகைக் காரு வச்சுக் கூப்பிட வந்தா ஊருல என்ன பேசுவாக மாப்ளே? அண்ணங்காரரு அம்புட்டு உசரத்துல வண்டி வச்சிருக்காகன்னு சொல்லித் திரியுறோம். அந்த வண்டியிலயே வாங்க. இல்லாட்டி இங்கனயே பெத்துக்கட்டும், நாங்க பாத்துக்கிடுறோம்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. டாக்டர் சொன்னது ஒரு பக்கம், இவருடைய ஊர்ப்பேச்சு ஒரு பக்கம். நாற்பது ஏக்கர் நிலம் வைத்திருக்கும் மனுஷனுக்கு மருமகள் வயிற்றைவிட வாசலில் நிற்கும் வண்டிதான் பெரிதாகத் தெரிகிறது. ஆனால் உண்மையையும் சொல்லிவிடுகிறேன். அவர் அப்படிச் சொன்னது எனக்கு உள்ளுக்குள் இனித்தது. தங்கச்சியை என் வண்டியில் கூட்டி வரவேண்டும் என்ற ஆசை எனக்கே இருந்தது. அவர் பேச்சைச் சாக்காக வைத்துக்கொண்டேன்.

கையில் மூன்று வாரம் இருந்தது. வண்டியின் குலுக்கலைக் குறைத்தாக வேண்டும்.

முதலில் டயர் காற்று. என் வண்டிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கும் தாளில் ஆள் மட்டும் போனால் 30 என்று தெளிவாகப் போட்டிருக்கிறது. நம் ஊர் பஞ்சர் கடைகளில் அதைப் படிக்கும் வழக்கமே இல்லை. பிக்கப் என்றால் 50. கேட்காமலேயே 50. "லோடு வண்டிக்குக் காத்து கம்மியா இருந்தா டயரு போயிரும்ணே" என்கிறார்கள். லோடு இல்லையப்பா என்றால், இன்றைக்கு இல்லை என்று எடுத்துக்கொள்கிறார்கள். நானே ஒரு காற்று அளவி வாங்கி நான்கு சக்கரத்திலும் 30-க்கு இறக்கினேன். இதற்கே பாதிக் குலுக்கல் போய்விட்டது. செலவு அந்த அளவி வாங்கிய 450 ரூபாய். இரண்டு வருடமாகக் கல்லின் மேல் உட்கார்ந்து போய்க்கொண்டிருந்திருக்கிறோம்.

அடுத்தது முன்பக்கம். பெரிய நகரத்தில் வண்டியைத் தூக்கிக் கொடுத்த கடைக்காரர் செய்திருந்த வேலை இதுதான்: முன் ஸ்பிரிங்கின் தலையில் இரும்பு வட்டு வைத்து உயர்த்திவிட்டு, பழைய ஷாக் அப்சார்பரையே மாட்டியிருந்தார். வண்டி உயர்ந்துவிட்டது, ஷாக்கின் நீளம் அதேதான். ஒவ்வொரு பள்ளத்திலும் அது முழுக்க நீண்டு, அதற்கு மேல் போக வழியில்லாமல் டொக்கென்று இடிக்கும். அந்தச் சத்தத்தைக் கம்பீரத்தின் சத்தம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கடைக்காரருக்குப் போன் போட்டால், "பழகிரும் சார்" என்றார். காசு வாங்கும்போது இந்தப் பழக்கத்தைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. உயரத்தை ஓர் அங்குலமாகக் குறைத்து, அதற்கேற்ற நீள ஷாக் வாங்கி மாட்டினேன். முன்னும் பின்னுமாக நான்குக்கும் சேர்த்து 21,000 ரூபாய்.

கடைசியாகப் பின்பக்கம். வில் மாதிரி வளைந்த பட்டைகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டியிருப்பார்கள், பார்த்திருப்பீர்கள். கம்பெனியிலிருந்து வரும்போது என் வண்டியில் பக்கத்துக்கு ஐந்து பட்டை. தூக்கும்போது பக்கத்துக்கு இரண்டு கூட்டி ஏழாக்கியிருந்தார்கள். பின் சீட்டு கிட்டத்தட்ட அந்தப் பட்டைக் கட்டுக்கு மேலேயே வருவதால் அங்கே உட்காருகிறவருக்குத்தான் எல்லா அடியும். கூட்டியதை எடுத்தால் சரியாகிவிடும், அவ்வளவுதான் கணக்கு.

அருப்புக்கோட்டையில் பட்டை வேலைக்கு ஒரு பட்டறை உண்டு. அதை நடத்துகிறவரை எல்லோரும் சங்கிலி அண்ணன் என்பார்கள். கைத்திறமையில் ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பட்டறையில் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்.

"எம்புட்டு லோடு ஏத்துவீக?"

"லோடு கிடையாதுண்ணே. ஆளு மட்டும். தங்கச்சி மாசமா இருக்கு, குலுங்கக் கூடாது. கூட்டுன ரெண்டு பட்டையையும் எடுத்துருங்க."

"சரி. பருத்தியா, சோளமா?"

"அண்ணே, லோடே கிடையாதுங்கிறேன்."

"அதுக்கில்லே தம்பி, ஒரு பேச்சுக்குக் கேட்டேன்."

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. எதிரே டீக்கடையில் உட்கார்ந்தேன். ஒன்றரை மணி நேரத்தில் கூப்பிட்டார். பட்டையெல்லாம் கிரீஸ் போட்டுக் கறுப்புப் பெயின்ட் அடித்துப் பளபளவென்று இருந்தது. வண்டி உயரமும் இறங்கியிருந்தது. நன்றி சொல்லிப் பணத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன். குனிந்து பட்டையை எண்ணிப் பார்க்கவில்லை. எண்ணுவதற்கு அரை நிமிடம் ஆகியிருக்கும்.

ஞாயிறு காலை 6.10-க்குக் கிளம்பினோம். உறவுக்காரர்கள் வேனில் பின்னால் வந்தார்கள். நான் ஓட்ட, என் மனைவி ஈஸ்வரி பக்கத்து சீட்டில். பின் சீட்டு முழுக்கப் பழத் தட்டு, வளையல் பெட்டி, பூக்கூடை. டப்பாவில் எங்கள் பக்கத்துச் சீர் முழுவதும்: ஐந்து வகைச் சாதம் அண்டா அண்டாவாக, அரிசி மூட்டை இரண்டு, பித்தளைப் பாத்திரம், நான்கு வாழைத்தார். எப்படியும் நானூறு கிலோ இருக்கும்.

வண்டி எப்படிப் போனது தெரியுமா? ரெட்டியபட்டி தாண்டி ரோடு பல்லைக் காட்டும் இடத்தில்கூட அலுங்காமல் குலுங்காமல் போனது. 7.25-க்குப் போய் இறங்கி அண்டாவைத் திறந்தால் புளியோதரை மேல் தூவிய நிலக்கடலைகூட நகரவில்லை. நான் சும்மா இருப்பேனா? வந்தவர் போனவரிடமெல்லாம் ஷாக்கைக் காட்டி விளக்கம் சொன்னேன். கோமதியின் மாமனார் நாலு பேரைக் கூட்டி வந்து வண்டியைச் சுற்றிக் காட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

இந்த இடத்தில் நீங்கள் சுதாரித்திருப்பீர்கள். நான் சுதாரிக்கவில்லை. சீர் கொண்டுபோகும் வண்டி நிறைந்து போகும், பெண்ணை அழைத்துக்கொண்டு திரும்பும்போது டப்பா காலியாக இருக்கும். இங்கே பிறந்து வளர்ந்த எனக்கு இது தெரியாதா? எல்லாச் சீரிலும் அதுதானே நடக்கிறது. நானூறு கிலோ பாரத்தோடு வண்டியைச் சோதித்துவிட்டு, பாரத்தை எல்லாம் அவர்கள் வீட்டில் இறக்கிவிட்டு, வெறும் வண்டியில் பிள்ளைத்தாய்ச்சியை ஏற்றினேன்.

எமகண்டம் முடிந்து 1.40-க்குப் புறப்பாடு. ராகு காலம் நாலரைக்கு, அதற்குள் அம்மா வீட்டு வாசல்படி ஏறிவிட வேண்டும் என்பது இரண்டு வீட்டுப் பேச்சு. 35 கிலோமீட்டருக்கு மூன்று மணி நேரம் இருக்கிறது, என்ன அவசரம் என்று நினைத்தேன். உறவுக்காரர்களின் வேன் சாப்பாடு முடிந்ததுமே போய்விட்டது. கோமதியும் ஈஸ்வரியும் பின் சீட்டில் உட்கார்ந்தார்கள். கோமதி இரண்டு கை நிறைய வளையலோடு சிரித்துக்கொண்டுதான் ஏறினாள்.

ஊர் எல்லைகூடத் தாண்டவில்லை, முதல் பள்ளத்தில் வண்டி பின்பக்கம் துள்ளியது. ரோட்டைக் குறை சொன்னேன். இரண்டாவது பள்ளத்திலும் துள்ளியது. பரளச்சி வருவதற்குள் வளையல் சத்தமும் பேச்சும் நின்றுவிட்டன. கண்ணாடியில் பார்த்தால் கோமதி ஒரு கையால் மேலே கைப்பிடியையும் ஒரு கையால் வயிற்றுக்கு அடியையும் பிடித்திருந்தாள். ஈஸ்வரி இரண்டு கையாலும் அவளை அணைத்துப் பிடித்திருந்தாள். நான் இன்னும் மெதுவாக ஓட்டினேன், வண்டி ஒவ்வொரு பள்ளத்துக்கும் தனித்தனியாகக் குதித்தது.

பரளச்சி தாண்டி ஏழாவது கிலோமீட்டரில் கோமதி சொன்னாள்: "அண்ணே, நிறுத்துண்ணே. அடிவயிறு இழுக்குது."

மணி 2.20.

வண்டி நின்ற இடத்தில் ரோட்டிலேயே களம் போட்டிருந்தார்கள். நம் பக்கத்தில் மாசியில் எங்கே போனாலும் இதுதான். காய்ந்த கொத்தமல்லிச் செடியை ரோட்டில் பரப்பிவிட்டால் போகிற வருகிற வண்டியே அடித்துக் கொடுத்துவிடும். ஒரு கணவனும் மனைவியும் அடித்த மல்லியைத் தூற்றி மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மா எங்களைப் பார்த்ததும் முறத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். வேப்ப நிழலில் சாக்கை விரித்துக் கோமதியை இடது பக்கமாகச் சாய்த்துப் படுக்கவைத்தார். குடத்திலிருந்து தண்ணீர் கொண்டுவந்தார்.

ஈஸ்வரி ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள். நர்ஸ் நிதானமாகக் கேட்டார்: ரத்தம் படுகிறதா, பனிக்குடம் உடைந்ததா, விட்டுவிட்டு இழுக்கிறதா? இல்லை, இல்லை, ஒரே இழுப்புதான். "அப்படியே சாஞ்சு படுக்கட்டும். தண்ணி குடுங்க. அரை மணி நேரத்துல விடலைன்னா 108-ஐக் கூப்பிடுங்க. விட்டுருச்சுன்னா குலுங்காமக் கூட்டிட்டு நேரே இங்க வந்துருங்க. திரும்ப ஊருக்குள்ள போகாதீங்க."

தெரிந்த கார்காரர்கள் நான்கு பேருக்குப் போன் போட்டேன். முகூர்த்த நாள், நாலு பேரும் மண்டப வாசலில் இருந்தார்கள். அதற்குள் கோமதியின் மாமனாருக்கு யாரோ சேதி சொல்லி, அவர் என்னைக் கூப்பிட்டுவிட்டார். "திருப்பிக் கூட்டியாங்க மாப்ளே. கெளம்பும்போதே தடங்கல்னா இனிமே பிள்ளைய வெளிய அனுப்ப மாட்டோம்." திரும்பினால் அவ்வளவுதான். டாக்டர் இல்லாத ஊரில் மிச்ச மூன்று மாதம். கோமதி படுத்த வாக்கிலேயே தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று. அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. ஒன்பது வருடமாக அவள் அழுது நான் பார்த்ததில்லை. இரண்டு தடவையும் ஆஸ்பத்திரியில் எங்களுக்குத்தான் அவள் ஆறுதல் சொன்னாள்.

மல்லி மூட்டை கட்டிக்கொண்டிருந்தவர் பெயர் அழகர்சாமி. அவர் இதற்குள் என் வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்துவிட்டு வந்தார்.

"எம்புட்டு லோடு ஏத்துவீக இதுல?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் அவரை அடித்திருப்பேன். "லோடு கிடையாதுய்யா. ஏன்யா எல்லாரும் இதையே கேக்குறீக?"

"கோவிச்சுக்கிடாதீக. பக்கத்துக்கு ஆறு பட்டை கெடக்கு. ஆறு பட்டையில வெறும் வண்டி ஓட்டுனா குதிக்காம என்ன செய்யும்?"

ஆறா? போய்ப் படுத்து எண்ணினேன். ஆறுதான். இரண்டு பக்கமும் ஆறு. இரண்டாவதாகக் கூட்டியதை எடுக்காமல், பெயின்ட் அடித்து உள்ளேயே வைத்துக் கட்டியிருக்கிறார் சங்கிலி அண்ணன்.

போனைப் போட்டேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார் போல. என்ன பேசினேன் என்பதை இங்கே எழுத முடியாது. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"தம்பி, ஒங்க நல்லதுக்குத்தான் விட்டுவச்சேன். லோடு ஏத்த மாட்டேன்னுதான் எல்லாரும் சொல்லுவாக. அடுத்த மாசமே பருத்தியை ஏத்திக்கிட்டு வந்து, பட்டை ஒடஞ்சு போச்சுன்னு என் வாசல்லதான் நிப்பாக. பிக்கப்பு வச்சுக்கிட்டு லோடு ஏத்தாம இருக்க ஒருத்தரை நான் பாத்ததே இல்லை. அதான் ஒண்ணு கெடக்கட்டும்னு."

"சொல்லவாச்சும் செஞ்சீகளா?"

"சொன்னா எடுக்கச் சொல்லுவீகளே."

கெட்ட எண்ணம் இல்லை, ஏமாற்று இல்லை. நல்லது செய்கிறேன் என்று நம்பியே செய்திருக்கிறார். எனக்கு அதுதான் இன்னும் கொதித்தது. நான் என்ன கேட்டேன் என்பது அவர் காதில் விழுந்தது, ஆனால் எனக்கு என்ன வேண்டும் என்பதை அவரே முடிவு செய்துவிட்டார். ரோட்டில் நின்று தொண்டை கிழியக் கத்தினேன். பின்னால் வந்த டவுன் பஸ் நின்று, ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள்.

ஈஸ்வரி வந்து என் கையிலிருந்து போனை வாங்கி அணைத்தாள்.

"அவரை மட்டும் என்னத்துக்குத் திட்டுறீக? மூணு வாரமா வண்டியை ஓட்டி ஓட்டிப் பாத்தீகளே, ஒரு நாளாச்சும் பின்னாடி உக்காந்து பாத்தீகளா? வெளியூரு போனா பிள்ளைகளோட பின்னாடி உக்காருறது நாந்தான். எப்படி இருக்குன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீகளா?"

கேட்கவில்லை. குமாரலிங்கபுரம் வரைக்கும், திருச்சுழி வரைக்கும் சோதனை ஓட்டம் என்று போனேன். எல்லாம் தனியாக, ஓட்டுநர் சீட்டில். எனக்கு நன்றாகத்தான் இருந்தது. சங்கிலி அண்ணனுக்கு நான் சொன்னது ஏறவில்லை என்றால், எனக்கு என் வீட்டில் யாரையும் கேட்கவேண்டும் என்றே தோன்றவில்லை. அந்த வெயிலில் என் முகம் எரிந்தது.

2.50-க்குக் கோமதிக்கு இழுப்பு விட்டது. எழுந்து உட்கார்ந்து தண்ணீர் குடித்தாள். ஈஸ்வரி மறுபடி நர்ஸிடம் பேசினாள். மெதுவாக வரலாம் என்றார்.

அழகர்சாமிதான் வழி சொன்னார். "பட்டையை இங்கன கழட்ட முடியாது. ஏங்கிட்ட பத்து மூட்டை மல்லி கெடக்கு. மூட்டை நாப்பது கிலோ. ஏத்துங்க, வண்டி அமந்துரும். அருப்புக்கோட்டையில என் மச்சினன் வீட்டுல எறக்கிருங்க. ஒங்களுக்கும் ஆச்சு, எனக்கும் ஆச்சு."

கடைசியில் லோடுதான். மூன்று வாரமாக யாரிடமெல்லாம் லோடு கிடையாது என்று மல்லுக்கு நின்றேனோ, அத்தனை பேருக்கும் முன்னால் மூட்டையைத் தூக்கி ஏற்றுவது போலிருந்தது எனக்கு. ஏற்றினேன். பின்சக்கரத்துக்கும் முன்சக்கரத்துக்கும் நடுவில் வருமாறு, கேபினை ஒட்டி அடுக்கச் சொன்னார். கடைசிக்குத் தள்ளி அடுக்கினால் முன்பக்கம் தூக்கி ஆடும். கயிறு போட்டு இறுக்கிக் கட்டினோம். கோமதியை முன் சீட்டுக்கு மாற்றினோம், அங்கே அடி குறைவு. பெல்ட்டின் கீழ்ப்பட்டையை வயிற்றுக்கு அடியில், இடுப்பெலும்பு மேல் படும்படி ஈஸ்வரி போட்டுவிட்டாள்.

நான் ஓட்டுநர் கதவைத் திறந்தேன். கோமதி கையை நீட்டி மறித்தாள்.

"நீ ஓட்டாதண்ணே."

"ஏம்மா?"

"நீ இன்னும் கோவமா இருக்கே. மதினி ஓட்டட்டும். நீ பின்னாடி உக்காரு."

ஈஸ்வரிக்கு லைசென்ஸ் இருக்கிறது. ஆனால் இந்த வண்டியைப் பெட்ரோல் பங்க் வரைக்கும்தான் ஓட்டியிருக்கிறாள். காரணம், நான் சாவியைக் கொடுக்கமாட்டேன். அவள் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. ஏறி சீட்டை முன்னால் இழுத்து, கண்ணாடியைச் சரிசெய்து, முதல் கியரில் எடுத்தாள்.

3.05-க்குக் கிளம்பி 22 கிலோமீட்டரை ஒரு மணி ஏழு நிமிடத்தில் ஓட்டினாள். முப்பதைத் தாண்டவில்லை. பள்ளத்துக்கு இருபது அடி முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டு, பிரேக்கிலிருந்து காலை எடுத்த பிறகுதான் சக்கரத்தை இறக்கினாள். நான் பள்ளத்துக்குள்ளேயே பிரேக் பிடிக்கிறவன். பின்னால் இருந்து ஹாரன் அடித்தவர்களுக்கெல்லாம் ஒதுங்கி வழி விட்டாள். நான் விட்டிருக்க மாட்டேன்.

அந்த 22 கிலோமீட்டரும் நான் என் வண்டியின் பின் சீட்டில் உட்கார்ந்திருந்தேன். நானூறு கிலோ பாரம் அமுக்கியும், அவள் அவ்வளவு மெதுவாக ஓட்டியும், ஒவ்வொரு அடியும் முதுகுத்தண்டில் ஏறியது. காலையில் பழத்தட்டு உட்கார்ந்து வந்த சீட்டு அது, தட்டு வாய் திறந்து சொல்லுமா? நிமிர்ந்து உட்கார வசதி இல்லை, பிடித்துக்கொள்ள ஒரே ஒரு கைப்பிடி. இரண்டு வருடம் ஈஸ்வரி மடியில் பிள்ளையோடு இதில் வந்திருக்கிறாள். எனக்கு வெட்கமாக இருந்தது, வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

4.12-க்கு ஆஸ்பத்திரி வாசல். வீட்டுக்குப் போகவில்லை. அம்மா ஆரத்தித் தட்டோடு காத்திருப்பதாகப் போன் வந்துகொண்டே இருந்தது. உள்ளே கோமதியின் வயிற்றில் கருவியை வைத்துத் தேடினார்கள். ஒன்றும் கேட்கவில்லை. நகர்த்தினார்கள். ஒன்றும் கேட்கவில்லை. ஈஸ்வரி என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் நகம் பதிந்தது. அப்புறம் கேட்டது, திடுதிடுவென்று, வேகமாக. நர்ஸ், "நல்லா இருக்கு, நல்லா இருக்கு" என்றார். நான் வராண்டாவுக்கு வந்து சுவரைப் பார்த்துக்கொண்டு அழுதேன். ராகு காலம் முடியும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்துவிட்டு, ஆறு மணிக்கு மேல் வீட்டுப் படி ஏறினோம். மறுநாள் காலையில் மல்லி மூட்டைகளை அழகர்சாமி மச்சினன் வீட்டில் இறக்கினேன்.

அதே வாரம் சங்கிலி அண்ணன் பட்டறையில் நானே கீழே உட்கார்ந்து, ஆறாவது பட்டையைக் கழற்றும்வரை எழுந்திருக்கவில்லை. அவர் முணுமுணுத்துக்கொண்டேதான் கழற்றினார். "ஒடஞ்சா எங்கிட்ட வராதீக" என்றார். வரமாட்டேன் என்றேன். அப்போது இன்னொன்றையும் கண்டேன்: பட்டையின் முனையில் கண் மாதிரி சுருண்டிருக்கும் வளையத்துக்குள் உள்ள ரப்பர் புஷ்ஷின் போல்ட்டை வண்டி ஜாக்கியில் தொங்கும்போதே இறுக்குகிறார்கள். அப்படி இறுக்கினால் வண்டி தரையில் இறங்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும், பட்டை தாராளமாக அசையாது. சக்கரம் தரையில் நின்று வண்டி பாரத்தைத் தாங்கிய பிறகுதான் கடைசி இறுக்கு இறுக்க வேண்டும். கெஞ்சி அப்படியே செய்யவைத்தேன்.

உயரமான பிக்கப் வைத்திருந்து, வீட்டாரோடு இந்தப் பக்கம் வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். காற்றை நீங்களே அளந்து, கதவுத் தாளில் போட்டிருக்கும் அளவுக்கு வையுங்கள். முதலில் அதைச் செய்துவிட்டு மற்ற செலவை யோசியுங்கள். உயர்த்தினால் ஷாக்கையும் அதே உயரத்துக்கு மாற்றுங்கள், பணம் இல்லை என்றால் உயர்த்தாதீர்கள். பட்டறையில் டீக்கடைக்குப் போகாதீர்கள், பட்டையை நீங்களே எண்ணுங்கள். சோதித்துப் பார்ப்பதென்றால் வெறும் வண்டியாக, பின் சீட்டில் உட்கார்ந்து, வேறு யாரையாவது ஓட்டச் சொல்லிச் சோதியுங்கள். பரளச்சி ரோட்டில் மாசி, பங்குனியில் களம் போட்டிருப்பார்கள், 35 கிலோமீட்டருக்கு ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைத்தாய்ச்சி வருகிறாள் என்றால், ஊர் என்ன வேண்டுமானாலும் பேசட்டும், காரை வையுங்கள். அன்றைக்குக் கோமதியின் மாமனாரிடம் இதைச் சொல்ல எனக்குத் துப்பில்லை.

கோமதிக்குப் பெண் குழந்தை. இரண்டே முக்கால் கிலோ. குழந்தைக்கு ஐந்தாம் மாதம் வந்ததும் இருவரையும் மாமனார் ஊரில் கொண்டுபோய் விட வேண்டும். மாமனார் இப்போதே போன் போட்டுவிட்டார், பேத்தி அந்த உசந்த வண்டியில்தான் வந்து இறங்கணுமாம். வண்டி இப்போது உண்மையாகவே மெத்தென்றுதான் போகிறது, இரண்டு தடவை பின் சீட்டில் உட்கார்ந்து பார்த்துவிட்டேன். காரா, பிக்கப்பா என்று கோமதியிடமே கேட்டேன். குழந்தையை மடியில் போட்டு ஆட்டிக்கொண்டே சொன்னாள்:

"வண்டி எதுவா இருந்தா என்னண்ணே. மதினி ஓட்டட்டும்."

சரி என்று சொல்லிவிட்டு வந்தேன்.